செக்போஸ்ட் தாண்டிய நாலு

போன மாதம் ஹரிணி போன் செய்தாள். ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உயர்நிலைப் பள்ளிக்கு, எனக்குப் பிறகு கணக்கு டீச்சராக வந்திருப்பவள். நல்ல பெண்தான். எதற்கெடுத்தாலும் பதறுவாள், அவ்வளவுதான்.

"மேடம், சமன்பாடு வீட்டுப்பாடம் குடுத்தா எல்லாம் போன்ல போட்டோ புடிச்சுடறாங்க. ஸ்டெப்போட விடை வந்துடுது. மறுநாள் நோட்டைப் பாத்தா என் போர்டை விட அழகா இருக்குது. இனிமே நான் நின்னுக்கினு இன்னாதான் சொல்லித் தர்றது?"

"அப்ப போனையே டீச்சராப் போட்டுட்டு நீ வீட்டுக்குப் போயிடு" என்றேன் வெடுக்கென்று.

அவள் சிரித்துவிட்டாள். என் வாய் அவளுக்குப் பழக்கம். "கோச்சுக்காதீங்க மேடம். முதல் முதலா சமன்பாடு படிக்கிறவங்களுக்கு நீங்க எப்படிச் சொல்லிக் குடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பாடம் நடத்துவது எப்படி என்று எழுத எனக்கு வராது. யாருக்கு நடத்தினேன் என்று எழுதத்தான் வரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். விஜயபுரம் பக்கத்துக் கிராமம். என் நைனாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், பிற்பாடு சொந்தமாகக் கொஞ்சம் வேர்க்கடலை போட்டார்கள். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தேன். திருப்பதியில் பி.எட். படிக்கப் போனால் எல்லாம் தெலுங்கு. அதையும் ஒரு வழியாக மென்று விழுங்கி வேலைக்கு வந்தேன். ஸ்டாஃப் ரூமில் எனக்கு 'மொளகா டீச்சர்' என்று பெயர். பெயர் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது.

முதல் வருடமே எனக்கு ஏழாம் வகுப்பு கொடுத்தார்கள். கரும்பலகையில் x + 7 = 12 என்று எழுதிவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு நெருக்கி அடித்துக்கொண்டு தலைமை ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். நரசிம்மலு சார். மற்ற ஹெட்மாஸ்டர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு அறைக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். இவர் அப்படி இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் பின்பக்கமாக வந்து உட்காருவார். வகுப்பு பாதி ஓடியதும் கையைத் தூக்குவார். பேச அனுமதி கொடுத்தால்தான் எழுந்திருப்பார். கையைக் கட்டிக்கொள்வார்.

அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழை எங்கள் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டவர்.

"டீச்சர், எக்ஸ்னா யாரு டீச்சர்? நேத்து நான் லீவு."

"அது ஒரு எண்ணு சார். எவ்ளோன்னு இன்னும் தெரியாது."

"தெரியாதவனுக்கு எதுக்கு டீச்சர் பேரு?"

"பேரு இல்லாம எப்படி சார் தேடறது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சார் திருப்தியாக உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் ஓய்வு பெறும் வரை, எந்த வகுப்பானாலும் எக்ஸை நான் அப்படித்தான் அறிமுகம் செய்தேன். ஒரு எண் இருக்கிறது, எது என்று தெரியவில்லை, தேடுவதற்கு வசதியாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

மணி அடிக்கக் கொஞ்சம் நேரம் இருக்கும்போது சார் மறுபடியும் கையைத் தூக்கினார். "அஞ்சு நிமிஷம் தர்றீங்களா டீச்சர்?" சாக்பீஸை வாங்கிக்கொண்டு போய், சமக்குறிக்கு மேல் குறுக்கே ஒரு கட்டை போட்டார்.

"இது இன்னா?"

யாருக்கும் தெரியவில்லை.

"இது செக்போஸ்ட். நம்மூரு ஆளு இந்தப் பக்கம் இருந்தா ஊர்ல இன்னான்னு சொல்றாங்க? அரவோளுன்னு சொல்றாங்களா இல்லையா? தமிழாளுன்னு. அதே ஆளு பஸ் ஏறி தமிழ்நாட்டுப் பக்கம் ஊத்துக்கோட்டை போனா?"

"தெலுங்குக்காரன்!" வகுப்பே கத்தியது. அது எங்கள் எல்லோருக்கும் பட்ட விஷயம். எல்லைக் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ஏச்சு உண்டு.

"ஆளு அதே ஆளு. தாண்டினா பேரு மாறிச்சு காதா? அதே மாதிரி ஏழு. இந்தப் பக்கம் ப்ளஸ் ஏழு. தாண்டினா மைனஸ் ஏழு. பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. அவன்தான் எக்ஸ்."

பிள்ளைகள் அதை ஜென்மத்துக்கும் மறக்கவில்லை. சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளில் எல்லாம் அது பரவியது. 'செக்போஸ்ட் கணக்கு' என்றே பெயர். என் வகுப்பிலும் அதுவே நடந்தது, நன்றாகவும் நடந்தது. 3x + 5 = 20 வருகிற வரைக்கும்.

ஐந்தைத் தாண்ட வைத்தார்கள், மைனஸ் ஐந்து ஆயிற்று, 3x = 15. அது சரி. அடுத்து மூன்றையும் தாண்ட வைத்தார்கள். தாண்டினால் மைனஸ்தானே. 15 − 3, பன்னிரண்டு. பாதி வகுப்பு பன்னிரண்டு என்று எழுதி நீட்டியது.

விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு நேராக சார் அறைக்குப் போனேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். யார் போனாலும் உரித்ததில் பாதியை எதிரில் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். எனக்கும் தள்ளினார். நான் தொடவில்லை.

"சார், அந்த மூணு எக்ஸைப் பெருக்கிக்கினு இருக்குது. கூட்டிக்கினு இல்ல. அதை வகுத்துத்தான் எடுக்கணும். நீங்க தாண்டினா மைனஸ்னு சொல்லிட்டீங்க, பசங்க எல்லாத்துக்கும் மைனஸ் போடுது."

"பாஸ் காவாலம்மா" என்றார் சாவகாசமாக. "முதல்ல பாஸ் ஆவட்டும். புரியறது பின்னாடி மெள்ள வரும்."

"புரியாம எப்படி சார் பாஸ் ஆவும்?"

என் குரல் உயர்ந்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் என்னைச் சித்தூருக்கு அந்தப் பக்கம் தூக்கி அடித்திருப்பார்கள். அவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "நீ உன் மாதிரி சொல்லும்மா. நான் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்" என்றார். சொன்னபடி வந்தும் உட்கார்ந்தார்.

என் மாதிரி இதுதான். எதுவும் எங்கேயும் தாண்டிப் போவதில்லை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறது. இந்தப் பக்கம் என்ன செய்கிறோமோ அதையே அந்தப் பக்கமும் செய்ய வேண்டும். ஐந்து கூடியிருக்கிறதா, இரண்டு பக்கத்திலும் ஐந்தைக் கழி. மூன்று பெருக்கியிருக்கிறதா, இரண்டு பக்கத்தையும் மூன்றால் வகு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன செய்தோம் என்று வாயால் சொல்லிவிட்டு எழுது. மெதுவாகத்தான் போகும். சார் முழுசாகக் கேட்டார். கையைத் தூக்கவில்லை. வெளியே போகும்போது, "நல்லா இருக்குதும்மா. ஆனா செக்போஸ்ட் அளவுக்கு ஜோக்கு இல்ல" என்றார். அடுத்த வருடமே அவருக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தது. தன் செக்போஸ்ட்டையும் கையோடு கொண்டுபோனார்.

அதன் பிறகு எத்தனையோ வகுப்புகள். அவற்றையெல்லாம் தாண்டிவிட்டு தனலட்சுமிக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், எங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓபன் ஸ்கூல் வகுப்பு நடந்தது. பத்தாவது பாதியில் விட்டவர்கள், ஃபெயில் ஆனவர்கள், பெரியவர்கள் வந்து படித்துப் பரீட்சை எழுதலாம். கணக்கு எனக்கு. அங்கே வந்தவள்தான் தனலட்சுமி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் காண்ட்ராக்ட் வேலை. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகி, அதோடு கல்யாணமாகிவிட்டது. கம்பெனியில் இனிமேல் பத்தாவது பாஸ் ஆனவர்களுக்கு மட்டும்தான் காண்ட்ராக்டைப் புதுப்பிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் திருப்பதியில் மேஸ்திரி வேலை பார்த்தவர், சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து, புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். அவள் வேலை போனால் அந்த வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை. வந்த முதல் நாளே இதைச் சொல்லிவிட்டாள்.

"மத்த பாடமெல்லாம் எப்படியோ மனப்பாடம் பண்ணிடுவேன் டீச்சர். இந்தக் கணக்குதான் என்னை துன்னுது."

என்ன தெரியும் என்று பார்க்க 4x + 3 = 31 எழுதிக் கொடுத்தேன். விறுவிறுவென்று போட்டாள். மூன்றைத் தாண்ட வைத்தாள். 4x = 28. அடுத்து நாலு தாண்டியது. 28 − 4, இருபத்தி நாலு. அடியில் இரண்டு கோடு போட்டுத் தந்தாள்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "யாரும்மா உனக்குக் கணக்கு எடுத்தது?"

"நரசிம்மலு சார் டீச்சர்! செக்போஸ்ட் கணக்கு நல்லா சொல்லித் தருவாரு." அந்த வயதிலும் அவள் முகம் மலர்ந்தது. மனுஷன் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது. என்னை நினைத்து எந்த மாணவியும் இப்படிச் சிரிப்பாள் என்று நான் நம்பவில்லை.

என் மாதிரியைச் சொன்னேன். புத்தகத்தில் தராசுப் படம் இருந்தது, அதைக் காட்டினேன். இரண்டு தட்டும் சமமாக நிற்கிறது பார் என்றேன். அவள் மரியாதையாகப் பார்த்தாள். "கடையில எலக்ட்ரானிக்தான் டீச்சர். ஒரே தட்டுதான் இருக்குது" என்றாள். அத்தோடு தராசை மூடி வைத்தேன்.

அடுத்த வாரம் அவள் வேலையிலிருந்தே எடுத்தேன். "நாலு பெட்டி சீல் பண்ணி இருக்குது. எல்லாத்துலயும் ஒரே அளவு பீஸ். வெளியில லூஸா மூணு பீஸ். மொத்தம் முப்பத்தி ஒண்ணு. ஒரு பெட்டியில எத்தனை?"

"லூஸை முதல்ல ஓரமா வெச்சுடுவேன். மிச்சம் இருபத்தி எட்டு. நாலு பெட்டிக்குப் பிரிச்சா ஏழு." கண் இமைக்கும் நேரத்தில் சொன்னாள்.

"அவ்ளோதாம்மா. பெட்டிதான் எக்ஸ். இப்ப அதையே எழுது."

எழுதினாள். 28 வரைக்கும் வந்தாள். பேனா தானாக மைனஸ் நாலு போட்டது. இருபத்தி நாலு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்து, "தப்பா?" என்றாள்.

வாயில் சரியாக வருவது தாளில் தப்பாக வருகிறது. இதைப் போல என்னைச் சோதித்த கேஸ் வேறு இல்லை. தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கலாம். இவளுக்கு எல்லாம் தெரியும். சின்ன வயதில் ஏறிய பழக்கம் கையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதிலும் அந்தப் பழக்கத்தில் அவள் ஊர், அவள் பட்ட ஏச்சு, அவளுக்குப் பிடித்த சார் எல்லாம் சேர்ந்திருக்கிறது. நான் சாக்பீஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு நடுவில் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போட ஆரம்பித்தார்கள். வரவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்களாம். அவள் வகுப்புக்கு வருவது நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து அவள் கம்பெனி பஸ் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும் நேரத்துக்கு, சாயங்காலம் நானும் பள்ளியிலிருந்து அங்கே போனேன். அவள் ஊர் பஸ் வரும் வரைக்கும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு. சென்னை பஸ் ஒன்று ஆட்களைக் கூவிக் கூவி ஏற்றும். அந்தச் சத்தத்தில் நானும் கத்தித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பார்க்கிறவர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள்.

பத்துக் கணக்குப் போட்டால் ஆறு சரியாக வரும், நாலில் மைனஸ் புகுந்துவிடும். ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டினால் அடுத்ததுக்குப் போவாள். உதட்டைப் பிதுக்கினால் அடித்துவிட்டுத் திருப்பிப் போடுவாள். இப்படியே பரீட்சை நெருங்கிவிட்டது.

ஒரு நாள் பழைய 4x + 3 = 31-ஐயே திரும்பக் கொடுத்தேன். மறுபடியும் இருபத்தி நாலு என்று போட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டாள்.

"வேணாம் டீச்சர். என்னை விட்டுடுங்க. எனக்கோசரம் நீங்க ஏன் பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்துக்கினு கெடக்கணும்."

"இப்ப இன்னா ஆச்சு?"

"ஒண்ணு கேக்கறேன், திட்டாதீங்க. நான் தப்பாப் போட்டா உங்க மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன். பரீட்சையில நீங்க எங்க இருப்பீங்க? அங்க எனக்கு யார் சொல்லுவாங்க?"

அவள் கண்ணில் நீர் நின்றது. வேலைக்கு வந்த நாளிலிருந்து தப்பு வராமல் இருக்க என்ன வழி என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவள் கேட்பது வேறு. வந்த தப்பு தப்புதான் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். அதற்கான வழி என்னிடம் இருந்தது. எல்லாப் புத்தகத்திலும் கடைசி வரியில் 'சரிபார்த்தல்' என்று இருக்கிறது. அதற்குத் தனியாக மார்க் இல்லை என்பதால் ஒருவரும் தொடுவதில்லை. பிள்ளைகள் விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டால் அத்தோடு கதை முடிந்தது.

"இங்க பாரு தனம். உங்க லைன்ல பெட்டியை சீல் போட்டதும் நேரா லாரியில ஏத்திடுவாங்களா?"

"அதெப்படி ஏத்துவாங்க? க்யூசிக்காரங்க செக் பண்ணி ஓகே சொல்லணும்."

"இங்கயும் க்யூசி இருக்குது. நீதான் க்யூசி. எக்ஸ் இருபத்தி நாலுன்னு சொல்றியே, எங்க, முதல் வரியில எக்ஸ் இருக்கிற இடத்துல அந்த இருபத்தி நாலை வெய்யி. நாலு இருபத்தி நாலு எவ்ளோ?"

"தொண்ணூத்தி ஆறு."

"மூணு கூட்டு."

"தொண்ணூத்தி ஒம்போது." அவள் முதல் வரியைப் பார்த்தாள். "அங்க முப்பத்தி ஒண்ணுதானே இருக்குது?"

வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தேன். பின்னால் பேனா ஓடும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு வெச்சா முப்பத்தி ஒண்ணு வருது டீச்சர்" என்றாள். நான் அப்போதும் திரும்பவில்லை. "வருதுன்னா வருது" என்றாள் தனக்குள்ளேயே.

அதிலிருந்து என் முகம் அவளுக்குக் கிடையாது. அவள் போடுவாள், நான் பேப்பர் படிப்பேன். விடையை உள்ளே வைத்துப் பார்த்து, ஒத்து வந்தால் மேலே போவாள், வராவிட்டால் அடிப்பாள். மைனஸ் போடுவது குறையவே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசி நாள் வரைக்கும் புகுந்துகொண்டுதான் இருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. அவள் பரீட்சைக்குப் போன அன்று வீட்டில் பருப்பைத் தீய விட்டேன்.

ரிசல்ட் வந்த வாரம் அவளே புத்தூரில் என் வீட்டுக்கு வந்தாள். பாஸ். கணக்கில் சொல்லிக்கொள்கிற மாதிரி மார்க் ஒன்றும் இல்லை, ஆனால் பாஸ். காண்ட்ராக்டையும் புதுப்பித்துவிட்டார்களாம். லட்டுப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, காலில் விழப் போனாள். அதெல்லாம் வேண்டாம், முதலில் உட்கார், எந்தக் கணக்கு வந்தது சொல் என்றேன். டீச்சர் புத்தி.

"ஏழு எக்ஸ் மைனஸ் நாலு, சமம், மூணு எக்ஸ் ப்ளஸ் பதினாறு."

ரெண்டு பக்கமும் எக்ஸ். "சரியாப் போட்டியா?"

"ரெண்டு பக்கத்துலயும் மூணு எக்ஸைக் கழிச்சேன். நாலைக் கூட்டினேன். நாலு எக்ஸ், இருபதுன்னு வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, இருபதுல நாலு போனா பதினாறுன்னு எழுதிட்டேன். கை இன்னும் மைனஸ்தான் போடுது டீச்சர், அது எங்க போவும்?" சிரித்தாள். "பதினாறை உள்ள வெச்சேன். இந்தப் பக்கம் நூத்தி எட்டு, அந்தப் பக்கம் அறுபத்தி நாலு. ஆவலையேன்னு அடிச்சுட்டு, நாலால வகுத்தேன். அஞ்சு. அதை வெச்சேன். இந்தப் பக்கம் முப்பத்தி ஒண்ணு. அந்தப் பக்கமும் முப்பத்தி ஒண்ணு."

அவள் சிரிப்பு போய்விட்டது.

"யாரும் சொல்லல டீச்சர். எனக்கே தெரிஞ்சுது. அங்கயே அழுதுட்டேன்."

ஹாலில் மேற்பார்வைக்கு நின்றவர் பக்கத்தில் வந்து, கணக்கு கஷ்டமாக இருக்கிறதாம்மா என்று தெலுங்கில் கேட்டாராம்.

"இல்ல சார்" என்றாளாம் இவள். "சரியா வந்துடுச்சு."